ஏர்ல் மோரல் பெயரை மறுபடியும் எடுத்துப் பேசுங்கள்: கேன்டன் தேர்வுக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபமான புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமின் தேர்வுக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஒஹாயோ மாநிலம் கேன்டனில் நீங்கள் காத்துவரும் வெண்கலச் சிலைகளின் வரிசையில் ஒய். ஏ. டிட்டில் இருக்கிறார். பாபி லேன் இருக்கிறார். ஃபிரான் டார்க்கென்டன், ஜானி யுனைட்டஸ், பாப் கிரீஸி ஆகியோரும் இருக்கிறார்கள். இந்த ஐந்து குவார்ட்டர்பேக்குகளின் கதையிலும் ஏர்ல் மோரல் வருகிறார். டிட்டிலின் அணியில் புதுமுகமாகச் சேர்ந்தார். லேனைக் கொடுத்து இவரை வாங்கினார்கள். டார்க்கென்டன் வந்ததும் இவரை ஒதுக்கினார்கள். யுனைட்டஸ் காயப்பட்டபோதும் கிரீஸி கால் முறிந்து விழுந்தபோதும் இவரைத்தான் களத்துக்குள் அனுப்பினார்கள். 21 பருவங்கள், ஆறு அணிகள், சூப்பர் பவுல் என்னும் உச்ச இறுதிப் போட்டியை வென்றதற்கான மூன்று மோதிரங்கள். அவருக்கு மட்டும் உங்கள் மண்டபத்தில் இடமில்லை. நெடுங்காலத்துக்கு முன்பு ஆடியவர்களுக்கான மூத்தோர் பிரிவில் அவர் பெயரை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுவந்து முழுக்குழுவின் முன் விவாதிக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

இதைப் படிக்கும் தமிழ் வாசகர்கள் பலருக்கு அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதது. அவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். குவார்ட்டர்பேக் என்பவர் தாக்குதல் அணியின் மூளை. பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். ஓடுபவரிடம் கொடுப்பதா, தூரத்தில் ஓடிக்கொண்டிருப்பவருக்கு எறிவதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் நூறு கிலோவைத் தாண்டிய எதிரணி ஆட்கள் அவர்மேல் பாய்ந்துவிடுவார்கள். களத்தில் இந்த இடம் ஒருவருக்குத்தான். இரண்டாமவர் ஓரத்தில் நிற்க வேண்டும். பயிற்சியிலும் பெரும்பகுதி நேரம் முதலாமவருக்கே போகும். இரண்டாமவர் அந்த வாரத்து எதிரணியைப் போல ஆடிக்காட்டி, தன் அணியின் தடுப்பாட்டக்காரர்களைப் பழக்குவார். முதலாமவர் விழும் நொடியில், உடம்பு சூடேறும் முன்பே, அவர் உள்ளே போயாக வேண்டும்.

1972 அக்டோபர் 15 அன்று மியாமியின் ஆரஞ்சு பவுல் அரங்கில் அந்த நொடி வந்தது. டால்ஃபின்ஸ் அணி அதுவரை ஆடிய நான்கு ஆட்டங்களையும் வென்றிருந்தது. சான் டியேகோ சார்ஜர்ஸுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் கிரீஸி பந்தை எறியும் நேரத்தில் டீக்கன் ஜோன்ஸும் ரான் ஈஸ்டும் அவர்மேல் விழுந்தார்கள். வலது கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் மூட்டு விலகியது. அவரைத் தூக்கிச் சென்ற பிறகு உள்ளே வந்தவருக்கு வயது 38. மற்றவர்கள் முடி வளர்த்துக்கொண்டிருந்த அந்தக் காலத்திலும் தலையை ஒட்ட வெட்டியிருந்தவர். அந்த ஆண்டின் தொடக்கத்தில் பால்டிமோர் கோல்ட்ஸ் அவரை வேண்டாம் என்று விட்டிருந்தது. பழைய பயிற்சியாளர் டான் ஷூலா 100 டாலர் கட்டணம் கட்டி அவரை மியாமிக்கு எடுத்துக்கொண்டார். நூறு டாலருக்கு வந்த அந்த மனிதர் அன்றைய ஆட்டத்தை 24–10 என்று முடித்துக்கொடுத்தார்.

அடுத்து ஒன்பது லீக் ஆட்டங்கள். ஒன்பதிலும் தொடக்க ஆட்டக்காரர் மோரல், ஒன்பதிலும் வெற்றி. பிறகு நாக்-அவுட் சுற்று. டிசம்பர் 24 அன்று கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் கடைசிக் கால்பகுதியில் 14–13 என்று முந்தியது. பருவம் முழுக்கக் கட்டிக்காத்தது கைநழுவும் நிலை. மோரல் 80 யார்டு தூரத்தைப் படிப்படியாகக் கடந்தார். பால் வார்ஃபீல்டுக்கு நீண்ட பந்துகளை எறிந்தார். ஜிம் கிக் உள்ளே ஓடி முடித்தார். 20–14. அடுத்த வாரம் பிட்ஸ்பர்கில் ஸ்டீலர்ஸுக்கு எதிராக லாரி சோங்காவுக்கு ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது) எறிந்து கணக்கைச் சமன் செய்தார். இடைவேளைக்குப் பிறகு அணி பின்தங்கியிருந்தபோது, குணமாகி வந்திருந்த கிரீஸியை ஷூலா இறக்கினார். 21–17 என்று வென்றார்கள். சூப்பர் பவுலில் கிரீஸியே தொடங்கினார், வாஷிங்டனை 14–7 என்று வீழ்த்தினார்கள். 17 ஆட்டம், 17 வெற்றி. என்எஃப்எல் என்னும் அந்தத் தொழில்முறை லீக்கின் வரலாற்றில் ஒரு தோல்வியும் ஒரு சமனும் இல்லாமல் கோப்பை வென்ற ஒரே அணி இன்றுவரை அதுதான். அந்தப் பதினேழில் பதினொன்றைத் தொடங்கியவர் மோரல்.

அந்த அணியிலிருந்து ஷூலா, கிரீஸி, சோங்கா, வார்ஃபீல்ட், நிக் புவோனிகான்டி, லாரி லிட்டில், ஜிம் லாங்கர் ஆகியோரை நீங்கள் மண்டபத்துக்குள் எடுத்துக்கொண்டீர்கள். ஒருவரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பருவத்தின் பெரும்பாதியில் பந்தைக் கையில் வைத்திருந்தவரை விட்டுவிட்டு அந்தக் கதையை எப்படிச் சொல்வது?

மறுப்பு என்னவென்று எனக்குத் தெரியும். டால்ஃபின்ஸ் ஓட்டத்தால் வென்ற அணி. சோங்காவும் மெர்குரி மோரிஸும் தலா ஆயிரம் யார்டு ஓடினார்கள், தடுப்பாட்டம் இரும்பு போல நின்றது, அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் வென்றிருப்பார்கள் என்பார்கள். சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, வேறு ஊரில், வேறு ஆட்களோடு நடந்ததற்கு என்ன விளக்கம்?

1968 ஆகஸ்டில் நியூயார்க் ஜயன்ட்ஸ் மோரலை பால்டிமோருக்கு மாற்றிவிட்டது. யுனைட்டஸுக்கு ஓய்வு வேண்டும்போது நிற்க ஓர் ஆள் என்ற கணக்கில்தான் அவரை வாங்கினார்கள். பருவத்துக்கு முந்தைய ஆட்டத்தில் யுனைட்டஸின் முழங்கை கெட்டது. புது அணி, புதுச் சங்கேதங்கள், சில வாரங்களே பழக்கம். மோரல் தொடங்கிய அந்தப் பருவத்தில் கோல்ட்ஸ் 13 ஆட்டங்களை வென்று ஒன்றில் மட்டும் தோற்றது. 26 டச்டவுன், 2,909 யார்டு. லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது அவருக்கே வந்தது. என்எஃப்எல் இறுதியில் கிளீவ்லாண்டை 34–0 என்று நொறுக்கினார்கள். அந்த விருதை வாங்கிய எல்லோருமே உங்கள் மண்டபத்தில் இடம்பெற்றுவிடவில்லை. 1969-இல் பெற்ற ரோமன் கேப்ரியலும் 1970-இல் பெற்ற ஜான் பிராடியும் இல்லை. விருது ஒன்றே போதும் என்று நானும் வாதாடவில்லை. காயப்பட்ட முதலாமவரின் இடத்தில் திடீரென்று நின்று, இரு வேறு அணிகளைச் சூப்பர் பவுலுக்கான பாதையில் நடத்திச் சென்ற குவார்ட்டர்பேக் வேறு யார் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி, எல்லோருக்கும் நினைவிருக்கும் அந்த நாளுக்கு வருகிறேன். 1969 ஜனவரி 12, மியாமியின் ஆரஞ்சு பவுல் அரங்கில் மூன்றாவது சூப்பர் பவுல். அன்று வேறு லீக்கைச் சேர்ந்திருந்த நியூயார்க் ஜெட்ஸை பால்டிமோர் ஊதித் தள்ளிவிடும் என்று நாடே நம்பியது. அந்த ஆட்டத்தின் முதல் பாதி முடியப்போகும் காட்சியைப் பல முறை திரும்பப் பார்த்திருக்கிறேன். ஜெட்ஸ் 7–0 என்று முன்னே இருக்கிறது. மோரல் பந்தை டாம் மாட்டியிடம் கொடுக்கிறார். மாட்டி வலப்பக்கம் ஓடுவதுபோல் ஓடி, நின்று, பந்தைத் திரும்ப மோரலிடமே எறிகிறார். எதிரணி முழுதும் ஏமாந்துவிட்டது. இடது ஓரத்தில், கோட்டுக்கு அருகே, கோல்ட்ஸின் ஜிம்மி ஆர் தன்னந்தனியாக நின்று இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டுகிறார். பத்துப் பன்னிரண்டு அடிக்கு அவர் பக்கத்தில் ஈ காக்கை இல்லை. மோரலின் முகம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மாட்டி எறிந்த பந்தைப் பிடிக்க வலப்பக்கம் திரும்பியவர் நடுவில் ஜெரி ஹில்லைப் பார்த்து எறிந்துவிட்டார். ஜெட்ஸின் ஜிம் ஹட்சன் குறுக்கே வந்து பிடித்துக்கொண்டார். முதல் பாதியில் மோரலின் மூன்றாவது இன்டர்செப்ஷன் அது. இரண்டாம் பாதியில் யுனைட்டஸ் இறங்கி ஒரு டச்டவுனுக்கு வழிசெய்தார். ஆட்டம் 16–7 என்று கைவிட்டுப் போனது.

அது மோசமான ஆட்டம்தான். 17 எறிதலில் ஆறுதான் சேர்ந்தன. மழுப்பிப் பயனில்லை. ஆனால் அந்த முதல் பாதியில் மற்றொரு பந்து, எறியப்பட்ட ஆளின் தோள் காப்பில் பட்டுத் துள்ளி எதிரணியின் கைக்குப் போனது. அதையும் அவர் கணக்கில்தான் எழுதினார்கள். கோல் உதைகளும் தவறின. கோல்ட்ஸ் முழு அணியும் தோற்றது, பழி ஒருவர் தலையில் விழுந்தது. அந்த ஒரு மாலைதான் மோரலின் பெயரை உங்கள் மேசையில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நகரவிடாமல் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அன்று எதிரே நின்றவர் ஜோ நேமத். அவரை 1985-இல் எடுத்துக்கொண்டீர்கள். ஒரே பருவத்தில் 4,000 யார்டைத் தாண்டிய முதல் ஆள் அவர். ஆட்டத்தின் முகத்தையே மாற்றியவர். அவர் இடத்தை நான் கேட்கவில்லை. இரண்டு பேரின் முழு வாழ்க்கைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள் என்கிறேன். நேமத்: 173 டச்டவுன், 220 இன்டர்செப்ஷன், தொடங்கிய லீக் ஆட்டங்களில் 62 வெற்றி, 63 தோல்வி, நான்கு சமன். மோரல்: 161 டச்டவுன், 148 இன்டர்செப்ஷன்; 63 வெற்றி, 36 தோல்வி, மூன்று சமன். நேமத்தைவிட 27 ஆட்டங்கள் குறைவாகத் தொடங்கக் கிடைத்தவர் அவரைவிட ஒரு வெற்றி கூடுதலாக வைத்திருக்கிறார்.

அந்த மாலைக்குப் பதிலும் மோரல் கொடுத்தார். ஐந்தாவது சூப்பர் பவுல், 1971 ஜனவரி 17, அதே ஆரஞ்சு பவுல் அரங்கம். டல்லஸ் ஆட்கள் மோதியதில் யுனைட்டஸின் விலா அடிபட்டது. மீண்டும் மோரல். கோல்ட்ஸ் பின்தங்கியிருந்த ஆட்டத்தை அவர் கட்டிப் பிடித்தார். கடைசி ஐந்து நொடியில் ஜிம் ஓபிரையனின் உதையால் 16–13 என்று வென்றார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவமானப்பட்ட அதே அரங்கில் நின்று அணியைக் கரைசேர்த்தவரைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறார்கள்?

முந்தைய ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1956-இல், டிராஃப்ட் என்னும் புதுமுகத் தேர்வில், இரண்டாவது ஆளாக சான் பிரான்சிஸ்கோ அவரை எடுத்தது. ஓர் ஆண்டில் பிட்ஸ்பர்க். அடுத்த ஆண்டே, அதுவும் பருவத்தின் நடுவில், டெட்ராய்ட். டெட்ராய்டில் ஒருவர் மாற்றி ஒருவராகப் போட்டியாளர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1962-இல் புல்வெட்டும் இயந்திரத்தில் இடது காலின் பெருவிரலை இழந்தார். எறிவதற்கு ஊன்றிக்கொள்ளும் காலில் பெருவிரல் இல்லாமல் அடுத்த பருவம் 24 டச்டவுன் எறிந்தார். 1965-இல், டிட்டில் ஓய்வு பெற்ற இடத்துக்கு, நியூயார்க் போனார், அங்கேயும் 22. மறு ஆண்டு மணிக்கட்டு உடைந்தது. பல ஊர்களில் நன்றாக ஆடிய பிறகே இடத்தை இழந்தார் என்பதைப் பதிவேட்டைப் புரட்டினால் காணலாம். 1968-இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஆன பிறகும், யுனைட்டஸ் குணமானதும், ஓரத்துக்குத் திரும்பிப் போனார்.

அவருடைய பயிற்சியாளர் வாழ்க்கைக்கு வருகிறேன். இதை நீங்கள் எடைபோட வேண்டியதில்லை என்று விதி சொல்லலாம், அது கல்லூரி ஆட்டம் என்பதால். ஆனால் அதன் பலனைக் கேன்டனிலேயே பார்க்கலாம்.

1972 டால்ஃபின்ஸின் தாக்குதல் பயிற்சியாளராக இருந்த ஹோவர்ட் ஷ்னெல்லன்பெர்கர் 1979-இல் மியாமி பல்கலைக்கழக அணியின் பொறுப்பேற்றார். குவார்ட்டர்பேக்குகளைப் பழக்க மோரலைக் கூப்பிட்டார். அங்கே இருந்தவர்களில் ஒருவர் ஜிம் கெல்லி. பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் தடுப்பாட்டக்காரராகத்தான் சேர்த்துக்கொள்வோம் என்று சொன்னதால் மியாமிக்கு வந்த பையன். 1982-இல் அந்த ஒரே அறையில் கெல்லி, மார்க் ரிக்ட், பெர்னி கோசார், வின்னி டெஸ்டவெர்டி ஆகிய நால்வரும் மோரலிடம் கற்றுக்கொண்டிருந்தார்கள். அப்படி ஓர் அறை கல்லூரி ஆட்டத்தில் அரிது. கெல்லி பஃபலோ அணியைத் தொடர்ந்து நான்கு சூப்பர் பவுலுக்கு அழைத்துச் சென்றார். 2002-இல் உங்கள் மண்டபத்தில் நுழைந்தார். 1984 தொடக்கத்தில் நெப்ராஸ்காவை 31–30 என்று வீழ்த்தி மியாமி தேசியப் பட்டம் வென்றபோது பந்தை எறிந்தவர் கோசார். டெஸ்டவெர்டி 1986-இல் கல்லூரி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கி, பிறகு என்எஃப்எல்லில் 21 பருவங்கள் ஆடினார். ஆசிரியர் ஆடிய அதே 21.

இன்னொன்றையும் கவனித்தேன். 1994 ஜனவரியில், சூப்பர் பவுலுக்கு முந்தைய என்எஃப்சி பிரிவு இறுதியில், டல்லஸின் டிராய் ஏக்மன் தலையில் அடிபட்டு வெளியேறினார். உள்ளே வந்து ஒரு டச்டவுன் எறிந்து ஆட்டத்தைக் காத்தவர் கோசார். அதற்கு ஓராண்டு முன்பு, கெல்லி காயப்பட்டிருந்த நாளில், ஹூஸ்டனுக்கு எதிராக 35–3 என்று பின்தங்கிய பஃபலோவை 41–38 என்று வெற்றிக்குக் கொண்டுவந்தவர் மாற்று ஆட்டக்காரர் ஃபிராங்க் ரைக். வாழ்நாளெல்லாம் மாற்று ஆட்டக்காரராகவே இருந்த ரைக்கும் டக் பீடர்சனும் 2018-இல் ஃபிலடெல்ஃபியாவின் பயிற்சியாளர்களாக, இன்னொரு மாற்று ஆட்டக்காரரான நிக் ஃபோல்ஸை வைத்து சூப்பர் பவுல் வென்றார்கள். ஜான் எல்வேயின் பின்னால் நின்றே ஆடி முடித்த கேரி கூபியாக், பயிற்சியாளராகி டென்வருக்கு ஐம்பதாவது சூப்பர் பவுலை வாங்கித் தந்தார். ஓரத்தில் நிற்பவர் முதலாமவரின் கண்ணாலும் பயிற்சியாளரின் கண்ணாலும் ஒரே சமயத்தில் ஆட்டத்தைப் பார்க்கப் பழகுகிறார். இவர்கள் நல்ல பயிற்சியாளர்களாவதற்கு அதுவே காரணம் என்று நம்புகிறேன். அந்த வேலையை மிக நீண்ட காலம், மிகப் பெரிய ஆட்டங்களில் செய்தவர் மோரல்.

உங்கள் பிரிவுகள் ஆட்டக்காரர், பயிற்சியாளர், பங்களிப்பாளர் என்று தனித்தனியாக நிற்கின்றன. ஒருவரை ஏதாவது ஒன்றில் அடக்கியாக வேண்டும். மோரல் போன்றவர் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்க நேர்கிறது. இப்போது வழியும் குறுகிவிட்டது. 2025-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து மூத்தோர் மூவரும், பயிற்சியாளர் ஒருவரும், பங்களிப்பாளர் ஒருவரும் ஒரே பட்டியலில் மோதிக்கொள்கிறார்கள். வாக்காளர் ஒருவர் மூவரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். 80 சதவீதம் தேவை. அந்த ஆண்டு அந்த ஐவரில் ஸ்டெர்லிங் ஷார்ப் ஒருவர்தான் தேறினார். மூத்தோரின் வரிசையோ ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது. தகுதியுள்ளவர்கள் ஒருவர் வாக்கை ஒருவர் பறித்துக்கொள்ளும் இந்த முறையை நீங்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். மூத்தோருக்குத் தனி வாக்கெடுப்பு இருந்தால் போதும்.

மோரல் 2014 ஏப்ரலில், 79 வயதில், ஃபுளோரிடாவில் காலமானார். கடைசி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோய் அவரைப் பிடித்திருந்தது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் மூளையை ஆராய்ந்தபோது சிடிஇ என்னும் மூளைச் சிதைவு நான்காம் நிலையில் இருந்தது தெரிந்தது. தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வருவது அது. நான்கு என்பது அதன் கடைசி நிலை. கென் ஸ்டேப்லரை அவர் இறந்த மறு ஆண்டு, 2016-இல், நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள். மேடையில் நிற்க அவர் இல்லை, குடும்பம் நின்றது. மோரலுக்கும் இனி அதுதான் முடியும். அவருடைய பிள்ளைகளும் அவரோடு ஆடியவர்களும் இருக்கும் காலத்திலேயே அது நடக்க வேண்டும்.

என் கோரிக்கைகளை மறுபடியும் தெளிவாக வைக்கிறேன். மூத்தோர் துணைக்குழு அடுத்த முறை கூடும்போது மோரலின் பெயர் முதல் பட்டியலோடு கழிந்துவிடாமல் இறுதி மூவரில் வரட்டும். அவரைப் பற்றிப் பேசும் உறுப்பினர் மூன்றாவது சூப்பர் பவுலோடு தொடங்காமல் 1972 அக்டோபரிலிருந்து தொடங்கட்டும். 1968-ஐயும் ஐந்தாவது சூப்பர் பவுலையும் அதனோடு சேர்த்துச் சொல்லட்டும். நேமத்தின் கணக்கையும் மோரலின் கணக்கையும் ஒரே தாளில் அச்சிட்டு ஒவ்வொரு வாக்காளர் முன்னும் வையுங்கள். அதன் பிறகு நீங்கள் வேண்டாம் என்று வாக்களித்தால், அதை ஏற்றுக்கொள்வேன்.

மரியாதையுடன்,
இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒரு தமிழ் ரசிகன்